சக்கரங்களின் மேல் ஒரு சிறுவீடு

மாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் உழவன், கொம்பில் பூசிய வண்ணத்தைக் கண்டு மயங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்ப்பான். நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பான். அதன் பின்னரே துண்டுக்குள் கையை மறைத்து விலை பேசத் தொடங்குவான். பள்ளிக்கூடம் சொல்லித் தராத இந்த அறிவு, இயந்திரங்களை வாங்கும்போது மட்டும் படித்தவர்களுக்கும் கைகொடுக்காமல் போவது விந்தையே.

அப்படி ஒரு நாள் அறிவு கைகொடுக்காமற்போன குடும்பத் தலைவர் ஒருவரை நான் அறிவேன். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள கென்ட் மாவட்டத்தில், 2022ஆம் ஆண்டுக் கோடையில், விடுப்பில் சென்ற பங்குத் தந்தை ஒருவருக்குப் பதிலாகச் சில வாரங்கள் பணியாற்றினேன். அங்கே கடிதம் பட்டுவாடா செய்யும் தபால்காரர் அவர். மனைவி மருத்துவமனைத் தாதி. பன்னிரண்டு வயதில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன். அவர்கள் தங்கள் முதல் 'கேம்பர் வேனை' வாங்கியதையும், வாங்கியபின் பட்ட பாட்டையும், அதிலிருந்து மீண்டதையும் கூறுவதே இக்கட்டுரை.

வேனுக்குள் வீடு வந்த வரலாறு

கேம்பர் வேன் என்றால் என்ன? உள்ளே படுக்கையும், அடுப்பும், தண்ணீர்த் தொட்டியும், சிறு அலமாரியும் அமைந்த வேன். பகலில் ஊர்தி, இரவில் வீடு. அவற்றுள் உலகெங்கும் பெயர் பெற்றது, முன்புறம் வட்ட விளக்குகளும் பின்புறம் இஞ்சினும் கொண்ட ஜெர்மானிய ஃபோக்ஸ்வாகன் வண்டியாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஜெர்மனியின் உல்ஃப்ஸ்பர்க் நகரில் இருந்த ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. அங்கே 'பீட்டில்' காரின் அடிச்சட்டத்தின் மேல் பலகையை அமைத்து, தொழிற்சாலைக்குள் சாமான் ஏற்றிச் செல்லும் தட்டை வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நெதர்லாந்து நாட்டு வணிகரான பென் போன் என்பவர் அவற்றைக் கண்டார். 1947 ஏப்ரல் 23ஆம் நாளிட்ட தமது குறிப்பேட்டில், ஒரு பெட்டி போன்ற வண்டியைச் சில கோடுகளால் வரைந்தார். ஓட்டுநர் முன்னால், இஞ்சின் பின்னால், நடுவே முழுவதும் சரக்குக்கு இடம். கருத்து அவ்வளவுதான்.

அந்தக் கோடுகள் 1950 மார்ச் 8ஆம் நாள் முதல் உண்மை வண்டிகளாக உற்பத்தியாகி வெளிவரலாயின. தொடக்கத்தில் அதன் ஆற்றல் 25 குதிரைச் சக்தியே. ரொட்டிக் கடைக்காரரும், தச்சரும், தீயணைப்புப் படையினரும் அதை வாங்கினர். 1951இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், கழற்றி மாட்டக்கூடிய ஒரு மரச் சாமான் தொகுதியை இதற்கென்று செய்தது. வாரம் முழுவதும் சரக்கு ஏற்றிய வண்டி, அதைப் பொருத்திக்கொண்டால் விடுமுறை நாளில் குடும்பத்தின் வீடாக மாறியது. உழைக்கும் எளிய மக்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1956இல் உற்பத்தி ஹனோவர் நகரத்துக்கு மாறியது. முன்கண்ணாடி நடுவில் பிளந்த முதல் தலைமுறை 1967 வரை வந்தது. வளைந்த ஒரே கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை, ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை உற்பத்தியாயிற்று. அதன் வழிவந்த வண்டி பிரேசில் நாட்டிலோ 2013 டிசம்பர் வரை உற்பத்தியில் இருந்தது. விபத்தில் காக்கும் காற்றுப்பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் அமைப்பும் அந்நாட்டில் கட்டாயமானபோதுதான் அதன் நெடும் பயணம் முடிவுற்றது.

கென்ட் மாவட்டத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கடற்கரை நகரான ஃபோக்ஸ்டோனில் இருந்த மார்ட்டின் வால்ட்டர் என்னும் நிறுவனம், சாதாரண வேன்களின் கூரையை அறுத்து, ஒரு பக்கக் கீலில் மேலே திறக்கும் கூரையைப் பொருத்தியது. கோடிட்ட துணிச் சுவரும், அதற்குள் தூளிபோல் விரியும் இரு படுக்கைகளும் அதன் சிறப்பு. 'டார்மொபில்' என்ற அதன் பெயர், எந்த நிறுவனம் செய்த கேம்பர் வேனுக்கும் பொதுப்பெயராக இங்கிலாந்தில் வழங்கும் அளவுக்குப் புகழ் பெற்றது.

நம் தபால்காரரின் தந்தை, அவரது சிறுவயதில் அப்படியொரு வண்டியை வாரக் கூலிக்கு அமர்த்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றாராம். அந்தத் துணிக் கூரையின் மேல் மழை விழுந்த ஓசை நாற்பது ஆண்டுகளாகத் தம் காதில் ஒலிப்பதாக அவர் என்னிடம் சொன்னதுண்டு. ஆசை எங்கே பிறந்தது என்பதற்கு இது போதும்.

கண்ணைக் கவர்ந்த வண்ணம்

குடும்பம் பதினொரு ஆண்டுகள் சேமித்த பணம் அவர் கையில் இருந்தது. அண்டை மாவட்டத்தில் ஒருவர், டார்மொபில் கூரை பொருத்திய 1972ஆம் ஆண்டு வண்டி ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆகஸ்டு மாதத்தின் ஒரு மாலை தனியாகவே சென்றார். மேலே பால் வெண்மை, கீழே ஆரஞ்சு. வெயிலில் அது பளபளத்தது. புதிய திரைச்சீலைகள், புதிய மெத்தைகள். இஞ்சின் ஒரே திருப்பில் முழங்கிற்று.

"ஆண்டுச் சோதனைச் சான்று உண்டா?" என்று கேட்டிருக்கிறார். "இந்த வயது வண்டிக்குச் சோதனையே வேண்டியதில்லை" என்றாராம் விற்பவர், அதுவே வண்டியின் ஒரு சிறப்பு என்பதுபோல். அவர் கூறியது பொய்யன்று. பிரிட்டனில் 2018 மே 20 முதல், நாற்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் சாலையில் ஓடும் வண்டி பழுதற்றதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு உரிமையாளரை விட்டு நீங்குவதில்லை. கட்டாயமில்லை என்பதால் சோதனையே கூடாது என்றும் பொருளன்று. விரும்பினால் எந்தச் சோதனை நிலையத்திலும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். அதை அவர் கேட்கவில்லை. பதினோராயிரத்து ஐந்நூறு பவுன் கைமாறியது.

மறுநாள் வீட்டு வாசலில் அயலாரெல்லாம் கூடி நின்று வியந்தனர். சிறுவன் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்க மறுத்தான். மகள் மட்டும், பள்ளி அறிவியல் பாடத்துக்காக வாங்கிய காந்தம் ஒன்றை வண்டியின் மேல் ஒட்டவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கதவில் ஒட்டியது. கூரை ஓரத்தில் ஒட்டியது. சக்கர வளைவின் மேலும், கதவுக்குக் கீழே நீளும் அடிப்பட்டையின் மேலும் வைத்தபோது நழுவி விழுந்தது. "அப்பா, இந்த இடத்தில் இரும்பு இல்லையா?" என்று கேட்டாள்.

அதற்கு விடை, மூன்றாம் நாள் ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது கிடைத்தது.

பட்டிக்குள் மறைந்த துரு

இவ்வகை வேனுக்குத் தனியான கனத்த அடிச்சட்டம் இல்லை. உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் அடிப்பட்டை, அழகுக்காக வைத்த தகடன்று. வெளி, நடு, உள் என மூன்று தகடுகள் சேர்ந்து வண்டியின் முதுகெலும்புபோல் நின்று பாரம் தாங்குகின்றன. நடுச்சட்டங்களிலிருந்து விலா எலும்புகளைப்போல் பக்கவாட்டில் நீளும் தாங்கிகளே இந்தப் பட்டையைப் பிடித்துக்கொள்கின்றன. சாலைச் சேறும், குளிர்காலத்தில் பனியை உருக்கத் தூவும் உப்பும் இவற்றுக்குள் புகுந்து தங்கி, உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அந்த வண்டியில் கொப்புளமும் தெரியவில்லை. ஏனெனில் துருப்பிடித்த தகட்டின் மேல் கண்ணாடி இழையையும் பட்டியையும் அப்பித் தேய்த்து, மேலே ஆரஞ்சு வண்ணம் அடித்திருந்தார்கள். அடிப்புறம் முழுவதும் கருந்தார் போன்ற பூச்சு. மெக்கானிக் ஒரு திருப்புளியால் மெல்லக் குத்தினார். அது கைப்பிடிவரை உள்ளே போயிற்று. ஜாக்கி வைக்கும் இடங்கள் நான்கில் மூன்றுக்கு வலுவில்லை. பேட்டரி அமரும் தட்டு, அமிலம் பட்டுப் பட்டு அரித்து, வெறும் வண்ணப் படலமாக நின்றது. இத்தனையையும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க ஐயாயிரம் பவுன் ஆகும் என்றார் அவர்.

அன்பர்களே, இரும்பில் இருந்த ஓட்டையைவிடப் பெரிய ஓட்டை ஒன்று அந்த நாளில் விழுந்தது. தபால்காரர் வீட்டுக்கு வந்து, "சிறு வேலைதான், சரியாகிவிடும்" என்று மனைவியிடம் கூறிவிட்டார். மூன்று வாரம் அந்தப் பொய்யோடு வாழ்ந்தார். இரவில் உறக்கம் இல்லை. பிள்ளைகள் பயணம் எப்போது என்று கேட்கும்போதெல்லாம் சிடுசிடுத்தார். வீட்டின் மகிழ்ச்சிக்காக வாங்கிய வண்டி, வீட்டுக்குள் ஒரு மௌனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.

"யாருடைய பிள்ளைகள்?"

இடையில் நண்பர் ஒருவர் எளிய வழி ஒன்றைக் காட்டினார். "குத்திய ஓட்டைகளை மூடி மீண்டும் கருப்புப் பூச்சு அடித்துவிடு. வசந்த காலத்தில் இவற்றுக்கு விலை ஏறும். உனக்கு ஒருவன் செய்ததை நீ மற்றொருவனுக்குச் செய்தால் கணக்கு நேராகிவிடும்."

இந்த யோசனையைச் சொல்லப் போய்த்தான் முழு உண்மையையும் அவர் மனைவியிடம் கூற நேர்ந்தது. அம்மையார் நெடுநேரம் பேசவில்லையாம். பணம் போனதற்காக அன்று. மூன்று வாரம் தம்மிடம் மறைத்ததற்காக. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கூரைப் படுக்கையில் யாருடைய பிள்ளைகள் படுப்பார்கள்?"

அதற்கு விடையில்லை. உண்மை நிலையைச் சொல்லி விற்றால் பாதி விலையும் கிடைக்காது. ஆகவே வண்டியை வைத்துக்கொள்வது என்றும், கடன் வாங்காமல், கைக்கு வரும் பணத்துக்கு ஏற்ப, ஆண்டுகள் ஆனாலும் ஒழுங்காகச் செய்வது என்றும் இருவரும் முடிவு செய்தனர். அம்மையார் ஒரு கணக்குப் புத்தகம் எடுத்து மூன்று பக்கங்களுக்குத் தலைப்பு இட்டார். முதற் பக்கம்: உயிர் காக்கும் வேலை. இரண்டாம் பக்கம்: வண்டி ஓடும் வேலை. மூன்றாம் பக்கம்: அழகு வேலை. முதற் பக்கம் முடியாமல் இரண்டாம் பக்கத்துக்கு ஒரு காசும் செல்லக் கூடாது என்பது சட்டம். பழைய வண்டியைச் சீர்செய்ய முற்படும் எவருக்கும் இதனினும் நல்ல வழிமுறையை நான் கேட்டதில்லை.

முதற் பக்கம்: உயிர் காக்கும் வேலை

ஊர்ப்புறத்தில் இருந்த முதிய வெல்டிங் தொழிலாளி ஒருவர், சுரண்டுதல், துடைத்தல், கழற்றுதல் ஆகிய எடுபிடி வேலைகளைத் தபால்காரரே செய்தால் கூலியைக் குறைத்துக்கொள்வதாக இசைந்தார். 2022-23 குளிர்காலத்துச் சனிக்கிழமைகள் இதில் சென்றன. அவர் கற்றுக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது.

அடிப்பட்டையை அப்படியே வெட்டியெடுத்தால், தாங்குவார் இல்லாமல் வண்டியின் நடுப்பகுதி தொய்ந்துவிடும். பிறகு கதவு மூடாது. ஆகவே முதலில் கீழே சரியாக முட்டுக் கொடுத்து, கதவு வாய்களில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே வெட்டினார்கள். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் வண்டியிலிருந்து இறக்கினார்கள். பக்கத்தில் தீயணைப்புக் கருவியோடு ஒருவர் நின்றார். புதுத் தகடு பொருந்தியபின், உள்வெற்றிடங்களுக்குள் துருவைத் தடுக்கும் மெழுகை நீண்ட குழாய்வழி பீச்சினார்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால் பத்தாண்டில் மீண்டும் அதே கதை.

அடுத்தது பிரேக். ரப்பர் குழாய்கள் வெளியில் நன்றாகத் தோன்றினாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து, மிதித்த கால் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. ஆகவே குழாய்கள் அனைத்தும் புதியவை; எண்ணெய் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்று விதி. டயர்களின் பட்டை தேயவே இல்லை. ஆனால் பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களைப் படித்ததும் உண்மை தெரிந்தது. முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 0809 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் எட்டாம் வாரத்தில் செய்யப்பட்டது. அவர்கள் கண்டது அதுவே. பதின்மூன்று ஆண்டு முதிர்ந்த ரப்பர்! காருக்குரிய டயரைப் பொருத்தாமல், வேனின் பாரத்தைத் தாங்கும் வலுப்பெற்ற வகையையே வாங்கினார்கள்.

மூன்றாவது நெருப்பு. இவ்வண்டிகள் பலவற்றுக்குச் சாலையிலேயே சிதை மூட்டிய குற்றவாளி, சில பவுன் விலையுள்ள பெட்ரோல் ஹோஸ்தான். இஞ்சினும் பெட்ரோல் டேங்கும் பின்புறத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. வெடித்த ஹோஸிலிருந்து சொட்டும் பெட்ரோல் சூடான இஞ்சின்மேல் விழுந்தால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய வகை ரப்பரை அது அரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைப் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு முனையிலும் கவ்வி இறுக்கி, ஆண்டுதோறும் வளைத்துப் பார்த்து வெடிப்புத் தேடுவது முதற் பக்கத்தில் எழுதப்பட்டது.

நான்காவது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நஞ்சு. இவ்வண்டியின் உட்புற வெப்பம், புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைவழியாக வரும் காற்றால் கிடைக்கிறது. உறைக்குள் குழாய் துருப்பிடித்துத் துளை விழுந்தால், கரியமோனாக்சைடு என்னும் நச்சுவாயு வண்டிக்குள் வந்துவிடும். அதற்கு மணமில்லை. உறங்குபவர் எழுவதில்லை. துளைபட்ட உறைகளை மாற்றி, எச்சரிக்கைக் கருவியும் மாட்டினார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே உருளை வைக்கும் பெட்டியின் அடியில் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். முன்னிருந்தவர் குளிருக்கு அஞ்சி அதை மூடி வைத்திருந்தார்! அடுப்பை வண்டிக்குள் குளிர்காயப் பயன்படுத்துவதில்லை என்று பிள்ளைகளிடமும் உறுதி வாங்கப்பட்டது.

இரண்டாம் பக்கம்: வண்டி ஓடும் வேலை

இவ்வண்டியின் இஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. காற்றே அதைக் குளிர்விக்கிறது. தட்டுத்தட்டாய் இதழ் விரித்த சிலிண்டர்களின் மேல் ஒரு விசிறி காற்றை இறைக்கிறது. சுற்றிலும் உள்ள தகரத் தடுப்புகளும் ரப்பர் பட்டையும், மேலே குளிர்ந்த காற்றையும் கீழே சூடான காற்றையும் பிரித்து வைக்கின்றன. 'இந்தத் தகரம் எதற்கு?' என்று கழற்றி எறிபவர் தம் இஞ்சினைத் தாமே வறுத்தெடுக்கிறார். தபால்காரரின் வண்டியில் ரப்பர் பட்டையே இல்லை.

அந்த விசிறியும் மின்சாரம் தரும் டைனமோவும் ஒரே அச்சில், ஒரே பெல்ட்டால் சுழல்கின்றன. ஆகவே ஓட்டுநர் முன் சிவப்பு விளக்கு எரிந்தால், மின்சாரம்தானே குறைந்தது என்று ஓட்டிச் செல்லலாகாது. பெல்ட் அறுந்து விசிறியும் நின்றிருக்கக்கூடும். உடனே ஓரங்கட்டி இஞ்சினை அணைக்க வேண்டும். ஒரு மாற்று பெல்ட்டும் அதை மாட்டும் ஸ்பானரும் எப்போதும் வண்டியில் இருத்தல் நலம்.

1584 கன சென்டிமீட்டர் கொண்ட அந்த இஞ்சின் நல்லதா கெட்டதா என்று எப்படி அறிவது? அதைப் பற்றி ஒரு நூலிலிருந்தே அவர் கற்றார். ஜான் மியூர் என்ற அமெரிக்கப் பொறியாளர், இயந்திர அறிவு சிறிதும் இல்லாதவர்களுக்காகவே ஃபோக்ஸ்வாகன் பழுதுபார்க்கும் முறையை 1969இல் நூலாக எழுதினார். இன்றும் பலர் அதை அடுப்படியில் சமையல் நூல் வைப்பதுபோல் பட்டறையில் வைத்திருக்கிறார்கள். இஞ்சினை அணைத்துவிட்டு, அடியில் உள்ள பெரிய பெல்ட் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். அது நகரும் அளவு 0.15 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. கைக்குத் தெரியும்படி 'டொக்' என்று அசைந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். நல்வாய்ப்பாக இந்த ஒன்றில் அவர் தப்பினார். இஞ்சின் உறுதியாகவே இருந்தது.

பிறகு வால்வு இடைவெளி. இஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில் 0.15 மில்லிமீட்டர் வைக்க வேண்டும். அளவுத் தகட்டைச் செருகிப் பார்க்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள். அவளுடைய விரல்கள் சிறியவை, பொறுமையோ பெரிது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இரண்டரை லிட்டர் ஆயிலை மாற்றி, வலைச் சல்லடையைக் கழுவும் வேலை தம்பிக்கு. அதில் இரும்புத் துகள் ஏதேனும் மின்னுகிறதா என்று பார்ப்பது அவனுக்கு ஒரு விளையாட்டாயிற்று.

மூன்றாம் பக்கம்: அழகு வேலை

இப்பக்கம் இன்றளவும் பெரும்பாலும் வெறுமையே. கூரைத் துணி கிழிந்த இரண்டு இடங்களை அம்மையார் தம் கையால் தைத்து மெழுகு பூசினார். முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பரை மாற்றினார்கள். அதன் கீழ்மூலைகளில் நீர் தேங்கியே முன்தகடு அரித்துப்போகிறது என்பதால், இது அழகு வேலையா உயிர் காக்கும் வேலையா என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்ததாம். புதுத் தகடுகளின் மேல் சாம்பல் நிற முதற்பூச்சு மட்டும் இருக்கிறது. ஆரஞ்சு வண்ணம் இன்னும் வரவில்லை.

2024 கோடையில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றிருந்தேன். வண்டி அதற்குள் கட்டாயமில்லாத அந்தச் சோதனையை வலியக் கேட்டுப் பெற்றுத் தேறியிருந்தது. ராம்னி சதுப்பு நிலப் பகுதியில் ஒரு பண்ணைத் தோட்டத்தில் அவர்கள் முதல் இரவைக் கழித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். "மழை பெய்ததா?" என்று கேட்டேன். "இரவெல்லாம் பெய்தது, ஃபாதர்" என்றார் தபால்காரர். "ஒரு மூலையில் ஒழுகவும் செய்தது" என்று சேர்த்துக்கொண்டாள் மகள். அவர் சிரித்தார். அந்த ஓசை, நாற்பது ஆண்டுக்கு முன் கேட்டதுபோலவே இருந்ததாம்.

வாங்கும் முன் ஐந்து சொற்கள்

யானை வாங்கிய பின் அங்குசத்துக்கு வழி தேடுவது அறிவுடைமையன்று. பழைய வண்டி வாங்க எண்ணுவோருக்கு அந்தக் குடும்பம் தன் அனுபவத்தால் கூறுவன இவை.

ஒன்று: தனியே செல்லாதீர்கள். ஆசைப்படாத ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் பாருங்கள். ஈரம் எல்லா வண்ணத்தையும் பளபளக்கச் செய்யும்.

இரண்டு: ஒரு காந்தம், ஒரு கைவிளக்கு, தரையில் விரிக்க ஒரு சாக்கு. இம்மூன்றோடு வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். வண்டியைத் தூக்கிப் பார்க்க இசையாத விற்பனையாளரிடம் விடைபெற்று வாருங்கள்.

மூன்று: இஞ்சின் ஆறியிருக்கும்போதே செல்லுங்கள். நீங்கள் வருமுன் சூடேற்றி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

நான்கு: பதிவுச் சான்றில் உள்ள சேஸி எண்ணை, வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பிரிட்டனில் பதிவுச் சான்று, வண்டி யார் பொறுப்பில் உள்ளது என்பதையே காட்டும். உரிமைக்கு அதுவே சான்றன்று. ஆகவே வாங்கிய ரசீதுகளையும் கேளுங்கள். பழைய சோதனை முடிவுகளை 2005 முதல் அரசு இணையதளத்தில் இலவசமாகவே காணலாம். அந்த வண்டி 2016இல் அடிப்பட்டைத் துருவுக்காகவே தேறாமற்போனது அங்கே பதிவாகி இருந்தது. தபால்காரர் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் படித்திருப்பார்.

ஐந்து: கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுக்காதீர்கள். சீர்செய்யும் செலவுக்கென்று ஒரு பங்கை முன்னதாகவே எடுத்து வையுங்கள். எந்தச் செலவையும் வாழ்க்கைத் துணையிடம் மறைக்காதீர்கள்.

அண்மையில் அந்த வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தாராம். விற்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் அம்மையார் அந்தக் கணக்குப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, "இப்படிப்பட்ட வண்டி எங்கே வாங்கினாலும், முதலில் இந்த முதற் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்" என்றார். வந்தவர் வாசலிலேயே நின்று அதை எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு சாம்பல் நிறப் பட்டையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு, அவர்கள் அடுத்த பயணத்துக்குச் சாமான் ஏற்றத் தொடங்கினார்கள்.